கடைசி இடத்து அணியை ஏற்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆக்லாந்தில் வாழ்ந்துகொண்டு இணையவழி சிமுலேஷன் பேஸ்பால் லீக்குகளில் அணிப் பொறுப்பு ஏற்றிருக்கும் தமிழ் அன்பர்களுக்கும், ஏற்கலாமா என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கும்:

சிமுலேஷன் பேஸ்பால் என்பது, மைதானத்தில் ஒருவரும் ஓடாமல், வீரர் ஒவ்வொருவருடைய திறனையும் எண்களாக்கி, அந்த எண்களோடு தற்செயலையும் கலந்து, கணினி ஓர் ஆட்டத்தை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை நடத்திக் காட்டும் விளையாட்டாகும். அத்தகைய ஆட்டங்களால் ஆன ஒரு லீக்கில், பல நாடுகளில் இருக்கும் இருபது முப்பது பேர் ஆளுக்கோர் அணியை ஏற்று, வீரர்களைத் தேர்ந்து, சம்பளம் பேசி, ஆடும் வரிசையை வகுத்து, பருவம் பருவமாக அதனை நடத்திச் செல்கின்றனர். இது குறித்து எழுதப்பட்ட கையேடுகள் பெரும்பாலும் வெல்வது எப்படி என்பதையே விளக்குகின்றன. வெற்றிக்கான வழிகள் இம்மடலிலும் ஓரளவு இடம்பெறும். எனினும் இதன் முதன்மையான கருத்து, ஒரு லீக்கின் ஆயுள் கடைசி இடத்து அணியின் மேலாளர் கையில்தான் இருக்கிறது என்பதே.

ஆக்லாந்து பேஸ்பால் நகரம் அன்று. கையைத் தாழ்த்திக் கீழிருந்து பந்தெறியும் சாஃப்ட்பாலே நியூசிலாந்தில் வேரூன்றிய விளையாட்டு. ஆடவர் சாஃப்ட்பால் உலகப் பட்டத்தை, 1976இல் பிற நாடுகளோடு பகிர்ந்துகொண்டதையும் சேர்த்து, அந்நாடு ஏழு முறை வென்றிருக்கிறது. பேஸ்பாலுக்கு வாய்ப்பு வந்தது 2018இன் இறுதியில்தான். நியூசிலாந்துக்கே உரிய தொன்மையான ஓர் ஊர்வனவின் பெயரைத் தாங்கிய ஆக்லாந்து டுவாட்டாரா என்னும் தொழில்முறை அணி அப்போது ஆஸ்திரேலிய பேஸ்பால் லீக்கில் சேர்ந்து, முதற் பருவத்தை மேற்கு ஆக்லாந்தின் மெக்லாய்ட் பூங்காவிலும் அடுத்ததை அல்பனியில் உள்ள நார்த் ஹார்பர் அரங்கிலும் ஆடியது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லைகள் அடைபட்டமையால் இரண்டு பருவங்கள் அவ்வணி ஆடவில்லை. 2022-23இல் மீண்டும் வந்தது. 2023-24 பருவத்துக்கான அட்டவணையில் அதன் பெயர் இடம்பெறவில்லை. ஓர் அணி மறைந்தால் அதன் ஆதரவாளர்களுக்கு மட்டுமன்றி, அதை எதிர்த்து ஆடவேண்டிய மற்ற அணிகளுக்கும் பருவம் குறைபட்டுப் போகிறது என்பதை எடுத்துக்காட்ட வேறு ஊரைத் தேட வேண்டியதில்லை. இன்று ஆக்லாந்தில் இருந்துகொண்டு ஒரு பேஸ்பால் அணியை ஆள விரும்புபவருக்கு எஞ்சியிருக்கும் எளிய வழி கணினித் திரையே.

இவ்வழி புதியதன்று, அதன் மூலத்தில் கிரிக்கெட்டும் இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் 1824இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவின் புரூக்ளினில் குடியேறிய ஹென்றி சாட்விக், நியூயார்க் இதழ்களுக்குக் கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். பேஸ்பாலின் பக்கம் திரும்பிய பின், கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் முறையைத் தழுவி, ஓர் ஆட்டம் முழுவதையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கும் பாக்ஸ் ஸ்கோர் என்னும் ஆட்டப் பட்டியலை அவர் நிலைபெறச் செய்தார். ஆட்டத்தை எண்களாகச் சுருக்க முடிந்த பிறகு, எண்களிலிருந்து ஆட்டத்தை மறுபடியும் விரித்தெடுக்க முடியும் என்று பிறர் எண்ணத் தலைப்பட்டதில் வியப்பில்லை. அவ்வாறு எண்ணியவருள் ஒருவர் ஹால் ரிச்மன். அவர் 1961இல் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்னும் அட்டை விளையாட்டு இன்றைய கணினி விளையாட்டுகளின் முன்னோடிகளுள் தலையாயது.

அதன் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் மூன்று பத்திகள். மூன்று பகடைகள் ஒருசேர உருட்டப்படுகின்றன. அவற்றுள் தனி நிறமுள்ள பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையில் அந்தப் பத்தியும், 4, 5, 6 விழுந்தால் பிட்சர் எனப்படும் பந்தெறிபவரின் அட்டையில் அந்தப் பத்தியும் பார்க்கப்படும். மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அப்பத்தியில் எந்த வரி என்பதைச் சொல்லும். இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளுள் 7 என்னும் கூட்டுத்தொகை ஆறு வகையில் வரும், 2 அல்லது 12 ஒரே வகையில் மட்டும் வரும்; ஆகையால், பேட்டர் ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றிவந்து ஓட்டம் எடுக்கும் ஹோம் ரன் என்பது 7க்கு நேரே அச்சிடப்பட்டிருக்கிறதா, 12க்கு நேரே அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதில் ஒரு வீரரின் மதிப்பே அடங்கிவிடுகிறது. ஓர் அட்டைக்கு 108 வாய்ப்புகள், இரண்டு அட்டைக்கும் சேர்த்து 216. எவ்வளவு பெரிய பேட்டராயினும் பாதி நேரம் அவருடைய விதி எதிராளியின் அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே இவ்வமைப்பின் நுட்பம்.

தமிழ்ப் பள்ளிகளில் பயின்றவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. பாடப்புத்தகத்தைக் கண்ட இடத்தில் திறந்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ஓட்டமாகவும் சுழியத்தை அவுட்டாகவும் கொண்டு, ஆசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்பியிருக்கும் வேளையில் ஆடப்பட்ட புக் கிரிக்கெட்டும் ஒரு சிமுலேஷனே. அதில் இருந்த குறை ஒன்றுதான்: டெண்டுல்கரும் பதினோராவது ஆட்டக்காரரும் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கங்களால் ஆளப்பட்டனர். அந்தக் குறையைத் தீர்த்து, ஆளுக்கோர் அட்டை கொடுத்ததே ரிச்மனின் சாதனை.

கணினிக்கு இக்கலையைக் கொண்டுவந்தவற்றுள், இணைய லீக்குகள் இன்று பெரிதும் பயன்படுத்துவது அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்னும் மென்பொருள். ஜெர்மானியரான மார்க்குஸ் ஹைன்ஸோன் உருவாக்கிய அதன் முதற்பதிப்பு 1999இல் வெளிவந்தது. பேஸ்பாலை ஏறத்தாழ அறியாத ஒரு நாட்டிலிருந்து அது புறப்பட்டது என்பது ஆக்லாந்துவாசிகளுக்கு ஆறுதல் தரவேண்டிய செய்தி. 2020ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று தொடங்கவேண்டிய அமெரிக்க மேஜர் லீக் பருவம் தள்ளிப்போடப்பட்டபோது, பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்னும் புள்ளிவிவரத் தளம் இம்மென்பொருளைக் கொண்டே நடவாத பருவத்தை நாள்தோறும் நடத்திக் காட்டியது. நியூசிலாந்தில் முழு ஊரடங்கின் முதல் முழு நாளும் அந்த மார்ச் 26தான்.

இனி, இணைய லீக் இயங்கும் முறை. கமிஷனர் எனப்படும் நடத்துநர் லீக்கின் முழுத் தரவையும் ஒரு ஃபைலாக வெளியிடுவார். மேலாளர்கள் அதனைத் தத்தம் கணினியில் இறக்கி, பேட்டிங் வரிசை, பிட்சர்களின் முறை, காயமுற்றோருக்கு மாற்று, இளநிலை அணிகளிலிருந்து ஏற்றம் இறக்கம் ஆகியவற்றைச் செய்து, தம் அணியின் ஃபைலை மட்டும் திருப்பி அனுப்புவர். குறித்த நேரத்தில் கமிஷனர் அவற்றையெல்லாம் சேர்த்து, ஒரு வார ஆட்டங்களையோ அதற்குக் கூடுதலானவற்றையோ ஓட்டி, புதிய ஃபைலை வெளியிடுவார். ஆட்டம் ஓடும்போது மேலாளர் அருகில் இருப்பதில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் யாரைப் பந்தெறிய அழைப்பது என்பதை அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். எழுதாததைக் கணினி தன் போக்கில் முடிவுசெய்யும்.

குறித்த நேரம் என்பதில்தான் ஆக்லாந்து மேலாளர்கள் பலர் முதலில் சறுக்குகின்றனர். பெரும்பான்மையான லீக்குகள் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தைப் பின்பற்றுபவை. நியூயார்க்கில் ஞாயிறு கழிந்து திங்கள் பிறக்கும் நள்ளிரவு, ஜூலை மாதத்தில் ஆக்லாந்தின் திங்கட்கிழமை மாலை 4 மணி. ஜனவரியில் அதே நள்ளிரவு மாலை 6 மணி. இரு நாடுகளும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் நாட்கள் வேறுவேறாகையால், மார்ச்சின் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரையிலும், செப்டம்பரின் கடைசி ஞாயிற்றிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரையிலும் அது 5 மணியாகிறது. ஒரே கெடு ஆண்டில் மூன்று வெவ்வேறு மணிகளில் வந்து நிற்பதால், வேலை முடிந்து வீடு திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் ஜனவரியில் செல்லுபடியாகி, ஜூலையில் பொய்த்துவிடும். ஞாயிறு இரவே ஃபைலை அனுப்பிவிடுவது இச்சிக்கலுக்கு முடிவான தீர்வு.

அடுத்து வரும் சறுக்கல் பொறுமையின்மை. கிரிக்கெட்டில் சராசரி என்பது ஒரு முறை ஆட்டமிழப்பதற்குள் எடுக்கப்படும் ஓட்டங்களைக் குறிக்க, பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது கணக்கில் எடுக்கப்படும் பேட்டிங் முறைகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது பேட்டர் தம் அடியாலேயே ஒரு தளத்தையாவது எட்டிய முறைகள், என்பதைக் குறிக்கும். 0.270 என்பது ஓரளவு நல்ல பேட்டரின் சராசரி. அவர் 80 முறை ஆடினால் 22 ஹிட்டுகளை எதிர்பார்க்கலாம். ஆனால் தற்செயல் ஒன்றினால் மட்டுமே அது 18 ஆகவோ 26 ஆகவோ மாறுவது அன்றாட நிகழ்வு. 18 என்றால் 0.225, அணியிலிருந்து நீக்கத் தோன்றும் எண். 26 என்றால் 0.325, சம்பளத்தை உயர்த்தத் தோன்றும் எண். வீரரோ இரண்டிலும் அதே வீரர்தான். பருவத்தின் முதல் மாதத்து எண்களைக் கண்டு வீரர்களை மாற்றும் மேலாளர், பெரும்பாலும் பகடையின் மேல் கோபப்பட்டு மனிதர்களைத் தண்டிக்கிறார். மென்பொருளில் வீரர்களின் திறன் 20 முதல் 80 வரையான அளவுகோலில், 50ஐச் சராசரியாகக் கொண்டு காட்டப்படுகிறது. அதுவும் அணியின் ஸ்கௌட், அதாவது திறன் கணிப்பாளர், கண்டறிந்து சொல்லும் மதிப்பீடே ஆகையால், அதிலும் பிழை கலந்திருக்கும். எனினும் 80 முறை ஆடிய சராசரியைக் காட்டிலும் அந்த மதிப்பீட்டை நம்புவதே அறிவுடைமை.

அணி முழுமைக்கும் இதே நிதானம் வேண்டும். பேஸ்பால் எண்ணியலின் முன்னோடியான பில் ஜேம்ஸ், ஓர் அணி எடுத்த ஓட்டங்களின் இருமடியை, எடுத்த ஓட்டங்களின் இருமடியும் கொடுத்த ஓட்டங்களின் இருமடியும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்கவேண்டிய விகிதம் கிடைக்கும் என்று காட்டினார். 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் 700 ஓட்டங்கள் எடுத்து 650 கொடுத்த அணிக்கு அவ்விகிதம் 0.537, அதாவது 87 வெற்றிகள். அந்த அணி 76இல் நின்றிருந்தால், அதன் மேலாளர் செய்யவேண்டியது பெரும்பாலும் ஒன்றுமில்லை. நல்ல அணியை ஒரு கெட்ட பருவத்தின் பெயரால் கலைத்துவிட்டு, அடுத்த பருவத்தில் உண்மையாகவே கெட்ட அணியைப் பெற்றவர்களுக்கு எந்த லீக்கிலும் பஞ்சமில்லை.

ஆட்ட உத்திகளிலும் எண்களே வழிகாட்டட்டும். ஒரு தளத்தில் நிற்கும் வீரரை அடுத்த தளத்துக்கு நகர்த்துவதற்காகத் தம் விக்கெட்டைத் தாமே கொடுப்பது போல் பேட்டர் பந்தை மெல்லத் தட்டும் ‘பன்ட்’ என்னும் உத்தி, கிரிக்கெட்டிலிருந்து வருவோரைப் பெரிதும் கவரும். முதல் தளத்தில் ஆள் இருக்க, ஒருவரும் அவுட் ஆகாத நிலையில் அந்த இன்னிங்ஸின் எஞ்சிய பகுதியில் எதிர்பார்க்கத்தக்க ஓட்டங்கள் சுமார் 0.9, இரண்டாம் தளத்தில் ஆள் இருக்க, ஒருவர் அவுட் ஆன நிலையில் சுமார் 0.7. கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்க, அவ்வுத்தியைப் பொதுவாகக் குறைத்து வைப்பதே நலம்.

இவை யாவும் வெல்ல விரும்புபவர்க்கு. புதிதாக லீக்கில் சேர்பவர்க்கோ பெரும்பாலும் வெல்லும் அணி கிடைப்பதில்லை. காலியாக இருக்கும் அணி, முன்னவர் விட்டுச் சென்ற அணி. முன்னவர் விட்டுச் சென்றமைக்குக் காரணம் அது தோற்றுக்கொண்டிருந்தமை. அவர் கவனிக்காமல் விட்டதால் அது இன்னும் தோற்றிருக்கும். ஆகவே ஆக்லாந்திலிருந்து சேரும் தமிழர் ஒருவரின் முதல் அணி 100 ஆட்டங்கள் தோற்கும் அணியாக இருப்பதே இயல்பு. அந்த அணியை அவர் எவ்வாறு நடத்துகிறார் என்பதில் அவருடைய நலன் மட்டும் அடங்கியிருப்பதாகப் பலரும் நினைக்கின்றனர்; அது பெரும் பிழை. 2023 முதல் மேஜர் லீக்கில் பின்பற்றப்படும் அட்டவணையின்படி, ஓர் அணி தன் பிரிவைச் சேர்ந்த மற்ற நான்கு அணிகளோடும் தலா 13 முறையும், தன் லீக்கின் பிற பிரிவு அணிகளோடு ஆறு அல்லது ஏழு முறையும் ஆடுகிறது. இணைய லீக்குகள் பலவும் இதையொத்த அமைப்பை உடையவை. கவனிப்பாரற்ற ஓர் அணி ஒரு பிரிவில் இருக்குமானால், அந்தப் பிரிவின் மற்ற நால்வருக்கும் 13 எளிய ஆட்டங்களும், பிற பிரிவினருக்கு அதில் பாதியளவும் கிடைக்கின்றன. ஒன்றிரண்டு வெற்றிகளில் தீர்மானிக்கப்படும் பிளே-ஆஃப் (பருவ இறுதியில் பட்டத்துக்கான சுற்று) இடம், தகுதியால் அன்றி, யாருக்குப் பக்கத்தில் பாழடைந்த வீடு வாய்த்தது என்பதால் தீர்மானிக்கப்படுகிறது. அதைக் கண்டு சலிப்புற்று, நன்றாக ஆடிய மேலாளர்களே விலகத் தொடங்குவர். ஓர் அணி இரண்டாகி, இரண்டு ஐந்தாகும்போது லீக் முடிந்துவிடும்.

வேண்டுமென்றே தோற்பது இதைவிட நுட்பமான கேடு. கடைசி இடத்து அணிக்கே டிராஃப்ட் எனப்படும் புதுமுக வீரர் தேர்வில் முதல் வாய்ப்பு என்ற விதி நலிந்தோரைத் தூக்கிவிடும் நோக்குடையது. அதுவே, சில ஆண்டுகள் வேண்டுமென்றே நலிந்திருப்பதை ஆதாயமாக்கியும் விட்டது. மேஜர் லீக்கின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011, 2012, 2013 ஆகிய மூன்று பருவங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தோற்று, உயர்ந்த டிராஃப்ட் இடங்களால் இளைஞர்களைத் திரட்டி, 2017இல் உலகத் தொடரை வென்றது. இந்நோய்க்கு மருந்தாக மேஜர் லீக் 2022ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்தத்தில், முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் முறைக்கு மாற்றியது. இணைய லீக்கில் குலுக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட இயன்ற பிட்சரை இளநிலை அணியில் ஒளித்துவைத்துத் தோல்வியைத் தேடுபவர், எதிரே இருப்பது கணினி மட்டும் அன்று, தம் ஓய்வு நேரத்தைச் செலவிடும் மனிதர்கள் என்பதை மறந்தவராவார். முதிர்ந்த வீரரை விற்று இளையவரை வாங்குவது முறையான மறுகட்டுமானம். இருக்கும் வீரர்களை வைத்து இன்றைய ஆட்டத்தை வெல்ல முயலாமை முறைகேடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோடு மங்கலானது என்று வாதிடுவோர் பெரும்பாலும் அதைத் தாண்டியவர்களாகவே இருக்கின்றனர்.

வீரர் பரிமாற்றத்திலும் அனுபவமுள்ளோர்க்கு ஒரு கடமை உண்டு. புதியவர் சேர்ந்த முதல் நாளே அவருக்கு ஐந்தாறு பரிமாற்றக் கோரிக்கைகள் வந்து குவியும். அவற்றுள் பெரும்பாலானவை அவருடைய ஒரே நல்ல வீரரைக் குறிவைப்பவை. ஒரு புதியவரை முதல் மாதத்தில் ஏமாற்றிப் பெறும் வீரரால் அடுத்த பருவத்தில் நான்கு வெற்றிகள் கூடலாம். ஏமாந்தவர் விலகினால் லீக் ஒரு மேலாளரை இழக்கும். புதியவர்க்கும் ஒரு சொல்: முதல் மாதம் எந்தப் பரிமாற்றத்துக்கும் உடன்படாதிருப்பது நல்லது.

பணம் பற்றிச் சுருக்கமாக. நிஜ வீரர்களின் அன்றன்றைய ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டசி ஆட்டங்கள் இந்தியாவில் பெருந்தொழிலாக வளர்ந்து, 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ததோடு பணத்துக்கு ஆடும் வடிவில் நின்றுபோயின. சிமுலேஷன் லீக் அவ்வகையைச் சேர்ந்ததன்று. மென்பொருளின் விலையும், சில லீக்குகளில் சர்வர் செலவுக்கான சிறு பங்கும் தவிர இதில் பணத்துக்கு இடமில்லை. பந்தயம் நடத்தும் லீக் ஏதேனும் அழைத்தால் மறுத்துவிடுவதே தக்கது. பரிசில்லாத ஆட்டமாகையால்தான், தோற்பவரை அங்கே நிறுத்திவைக்கப் பொறுப்புணர்வைத் தவிர வேறொன்றும் இல்லாமற் போகிறது.

ஆகவே அன்பர்கள் கடைசி இடத்து அணியை ஏற்பின், குறைந்தது இரண்டு முழுப் பருவங்களுக்கு ஏற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். பிள்ளைகளின் தேர்வு, புதிய வேலை, ஊர்ப்பயணம் என்று விலகவேண்டிய நிலை எவர்க்கும் வரலாம், அதில் குற்றமில்லை. ஊருக்குப் போகும் நான்கு வாரங்களுக்கு முன்னரே கமிஷனரிடம் சொல்லிவிட்டால், பெரும்பாலான லீக்குகளில் இடைக்கால மேலாளர் ஒருவர் பார்த்துக்கொள்வார். முற்றாக விலகுவதானால், காயமுற்றோரைப் பட்டியலிலிருந்து நீக்கி, பிட்சர்களின் முறையைச் சரிசெய்து, கடைசி ஃபைலை அனுப்பிவிட்டு, விலகும் நாளைக் குறித்துக் கமிஷனருக்கு இரண்டு வரி எழுதிவிட்டு விலகுங்கள்.